'இன்' எனத் தொடங்கும் ஆங்கிலச் சொற்கள்: புதியவர்களுக்குப் படிப்படியான வழிகாட்டி

கரெக்ட் என்றால் சரி, இன்கரெக்ட் என்றால் தவறு. விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரிவது, இன்விசிபிள் என்றால் தெரியாதது. முன்னால் 'இன்' வந்தால் பொருள் எதிர்மறை ஆகிவிடும் என்று முதலில் நமக்குச் சொல்லித்தருவார்கள். அதை நம்பிக்கொண்டு இன்ஜெக்ட், இன்க்லூட், இன்வேட் என்று படித்துக்கொண்டே போனால் கணக்கு உதைக்கும். அந்தச் சொற்களில் 'இல்லை' எங்கே இருக்கிறது? அப்புறம் இன்வேல்யுவபிள் வரும். 'மதிப்பில்லாதது' என்று எழுதிவிட்டு வந்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

லத்தீன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த 'இன்' என்ற முன்னொட்டு ஒன்றல்ல, இரண்டு. ஒன்றின் பொருள் 'இல்லாத, அல்லாத'. மற்றதன் பொருள் 'உள்ளே, மேலே, நோக்கி'. எழுத்தும் ஒன்று, ஓசையும் ஒன்று, பிறப்பு மட்டும் வேறு. பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்து, செய்த வேகத்திலேயே மறந்து அலுத்துப்போன பிறகு, இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம்தான் எனக்குக் கைகொடுத்தது. நீங்கள் அந்தச் சுற்றுவழியில் போக வேண்டாம். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, சொற்பிறப்புக் குறிப்பு உள்ள அகராதி. பொருள் மட்டும் தரும் கையடக்க அகராதி இந்த வேலைக்கு உதவாது. சொல் எந்த மொழியிலிருந்து, எந்தெந்தத் துண்டுகள் சேர்ந்து வந்தது என்று அது சொல்ல வேண்டும். இணையத்தில் எட்டிம்ஆன்லைன், மெரியம்-வெப்ஸ்டர், ஆங்கில விக்சனரி மூன்றும் இலவசம். எட்டிம்ஆன்லைனில் 'இன்' என்ற முன்னொட்டைத் தேடினால் 1, 2 என்று எண் போட்ட இரண்டு தனிப் பதிவுகள் வரும். 1 'இல்லாத' என்ற பொருளுக்கு, 2 'உள்ளே' என்ற பொருளுக்கு. இந்த எண்களையே உங்கள் குறிப்பேட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையிலும் அப்படியே 'இன் 1', 'இன் 2' என்று எழுதுகிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதியை இணையத்தில் முழுதாகப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். பல பொது நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் தங்கள் உறுப்பினர்களுக்கு அதை இலவசமாகத் திறந்துவிடுகின்றன. அந்த வசதி இருந்தால் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் கவலை வேண்டாம். தொடக்க நிலையில் அதற்காகப் பணம் கட்டத் தேவையே இல்லை. கட்டண வகுப்பும், மாதக் கட்டணம் கேட்கும் செயலியும் அப்படித்தான். இந்த வேலைக்கு மொத்தச் செலவு ஒரு நோட்டும் ஒரு பேனாவும்தான்.

இரண்டாவது தேவை, நீங்கள் உண்மையிலேயே படிக்க வேண்டிய காகிதங்கள்: விண்ணப்பப் படிவம், காப்பீட்டு ஒப்பந்தம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், பாடப்புத்தகத்தின் ஓர் அத்தியாயம். யாரோ தயாரித்த 'ஆயிரம் சொற்கள்' பட்டியலைவிட, உங்கள் மேசையில் கிடக்கும் காகிதத்திலிருந்து எடுத்த 40 சொற்கள் நன்றாக மனத்தில் நிற்கும்.

நேரம் என்று பார்த்தால் ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். முதல் வாரத்தில் 2, 3, 4 ஆகிய படிகளை முடியுங்கள், இரண்டாம் வாரம் முழுவதையும் ஐந்தாம் படிக்கு ஒதுக்குங்கள். மற்றவை தாமாகவே வந்து சேரும்.

2. மாறுவேடத்தில் இருக்கும் 'இன்'னைக் கண்டுபிடியுங்கள்

'இன்' எப்போதும் 'இன்' ஆகவே வராது. அடுத்து வரும் எழுத்துக்கு ஏற்ப வடிவம் மாறும். தமிழ் படித்தவருக்கு இது புதிதல்ல. செம்மை என்பது தமிழோடு சேர்ந்தால் செந்தமிழ், கோலோடு சேர்ந்தால் செங்கோல், மொழியோடு சேர்ந்தால் செம்மொழி. அடுத்த எழுத்தை உச்சரிக்க நாக்கும் உதடும் முன்கூட்டியே தயாராவதால் வரும் மாற்றம் இது. லத்தீனிலும் அதுவேதான் நடந்தது.

பி, எம், 'பாசிபிள்' என்பதில் வரும் 'பீ' ஆகிய உதட்டெழுத்துகளுக்கு முன் 'இம்' ஆகும்: இம்பேலன்ஸ், இம்மெச்சூர், இம்பாசிபிள். 'எல்' எழுத்துக்கு முன் 'இல்' ஆகும்: இல்லீகல், இல்லாஜிகல். 'ஆர்' எழுத்துக்கு முன் 'இர்' ஆகும்: இர்ரெகுலர், இர்ரெலவன்ட். சில சொற்களில் 'இக்' என்றும் சுருங்கும்: இக்னோர், இக்னரன்ட், இக்னோபிள். மற்ற எழுத்துகளுக்கு முன் 'இன்' அப்படியே நிற்கும்.

இந்த மாற்றம் இரண்டு முன்னொட்டுக்கும் பொது என்பதை மறக்காதீர்கள். 'இல்' என்று பார்த்தவுடனே எதிர்மறை என்று முடிவுகட்ட முடியாது. இல்லீகல் இன் 1, 'சட்டப்படி அல்லாதது'. இல்லுமினேட் இன் 2, 'ஒளியை உள்ளே பாய்ச்சு'. இர்ரெகுலர் இன் 1, இர்ரிகேட் இன் 2. ரிகாரே என்றால் லத்தீனில் நீர் பாய்ச்சுதல். வயலுக்குள் நீர் விடுவதுதான் இர்ரிகேட்.

இதனால் எழுத்துக்கூட்டலில் ஒரு லாபமும் உண்டு. இம்மெச்சூரில் ஏன் இரண்டு 'எம்', இர்ரெகுலரில் ஏன் இரண்டு 'ஆர்' என்ற குழப்பமே வராது. ஒன்று முன்னொட்டுக்குச் சொந்தம், மற்றது சொல்லுக்குச் சொந்தம். இந்த இடத்தில் பலரையும் தடுமாற வைக்கும் ஒரு ஜோடியைச் சொல்லிவிடுகிறேன். இன்னாக்யுவஸ் என்றால் தீங்கற்ற. நாக்யுவஸ் என்பது தீங்கு தரும் என்று பொருள்படும் சொல். அதன் முன் 'இன்' சேர்வதால் இரண்டு 'என்'. இனாக்யுலேட் என்றால் தடுப்பூசி போடு. அதன் உள்ளே இருப்பது ஆகுலஸ், லத்தீனில் கண். செடியின் மொட்டையும் அதே சொல்லால் குறித்தார்கள். ஒரு செடியின் மொட்டை இன்னொன்றுக்குள் வைத்து ஒட்டுக்கட்டுவதுதான் முதல் பொருள். ஆகுலஸ் உயிரெழுத்தில் தொடங்குவதால் ஒரே ஒரு 'என்'. ஓசையில் அக்கா தங்கை போல இருக்கும் இரண்டு சொற்களில் ஒன்று இன் 1, மற்றது இன் 2.

இன்னொரு பக்கம், ஆங்கிலத்துக்கே சொந்தமான 'இன்' ஒன்றும் இருக்கிறது. இன்கம், இன்புட், இன்சைட், இன்லேண்ட், இன்மேட் ஆகியவற்றில் வருவது அது. பொருள் 'உள்ளே'தான், ஆனால் வடிவம் மாறாது. 'எல்' எழுத்துக்கு முன் 'இன்' அப்படியே நின்றால், இன்லேண்டில் நிற்பதுபோல, அது ஆங்கில 'இன்' என்று எடுத்துக்கொள்ளலாம். மருத்துவமனைப் படிவத்தில் இது நேரடியாகவே உதவும். இன்பேஷன்ட் என்றால் உள்நோயாளி, இம்பேஷன்ட் என்றால் பொறுமையில்லாதவர். எழுத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்த சில சொற்களில் 'இன்' தேய்ந்து 'என்' ஆகியிருக்கும். என்க்லோஸ் இன் 2. எனிமியோ இன் 1. லத்தீனில் அமிக்கஸ் என்றால் நண்பன், நண்பன் அல்லாதவன் இனிமிக்கஸ், அதுவே தேய்ந்து எனிமி ஆனது.

3. வினைச்சொல்லா, பெயரடையா என்று பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள். அகராதியைத் திறக்காமலேயே பெரும்பாலான சொற்களை இதை வைத்துப் பிரித்துவிடலாம்.

சொல் வினைச்சொல் என்றால், பெரும்பாலும் இன் 2. உள்ளே எறிவது இன்ஜெக்ட், உள்ளே சுமந்து வருவது இம்போர்ட், உள்ளே பார்ப்பது இன்ஸ்பெக்ட், உள்ளே வைத்து மூடுவது இன்க்லூட், உள்ளே நுழைவது இன்வேட், மூச்சை உள்ளே இழுப்பது இன்ஹேல், மேலே எழுதிப் பொறிப்பது இன்ஸ்கிரைப், குடிபெயர்ந்து ஒரு நாட்டுக்குள் வருவது இம்மிகிரேட்.

சொல் பெயரடை என்றால், பெரும்பாலும் இன் 1. இன்கரெக்ட், இன்விசிபிள், இம்மார்ட்டல், இல்லிட்டரேட், இர்ரெஸ்பான்சிபிள்.

பெயர்ச்சொல் தன் தாய்ச்சொல்லின் வழியில் போகும். இன்ஜெக்ஷனின் தாய் இன்ஜெக்ட் என்ற வினை, அதனால் இன் 2. இம்பேஷன்ஸின் தாய் இம்பேஷன்ட் என்ற பெயரடை, அதனால் இன் 1.

விதிவிலக்குகள் இரண்டு பக்கமும் உண்டு. வினைகளில் இக்னோர் எதிர்மறை. இன்வேலிடேட், இம்மொபிலைஸ், இம்யுனைஸ் போன்றவை ஏற்கெனவே எதிர்மறையாக இருந்த பெயரடையிலிருந்து செய்த வினைகள். கடைசியில் உள்ள 'ஏட்' அல்லது 'ஐஸ்' ஒட்டை எடுத்துப் பாருங்கள். இன்வேலிட் என்ற பெயரடை உள்ளேயிருந்து வெளிப்படும். இல்லுமினேட்டில் 'ஏட்' எடுத்தால் அப்படி எந்தப் பெயரடையும் கிடைக்காது.

பெயரடைகளில் 'என்ட்' என்று முடிபவற்றை நிறுத்திப் பாருங்கள். இன்டிபென்டன்ட்டில் 'இன்'னை எடுத்தால் டிபென்டன்ட் என்று ஒரு முழுச் சொல் நிற்கிறது, அதனால் இன் 1. இன்ஹெரன்ட், இம்மினன்ட் இரண்டிலும் 'இன்'னை எடுத்தால் மிச்சம் தனியாக நிற்காது. இவை இன் 2. இன்ஹெரன்ட் என்றால் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருப்பது, அதாவது இயல்பிலேயே உள்ளது. இம்மினன்ட் என்றால் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருப்பது, அதாவது எந்த நேரமும் நிகழக்கூடியது.

4. முன்னொட்டை வெட்டிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்

வெட்டிய பிறகு தெரிந்த ஆங்கிலச் சொல் நின்றால் வேலை சுலபம். நிற்காவிட்டால் அகராதியைத் திறந்து லத்தீன் வேரைப் பாருங்கள். இந்த இடத்தில் பலர் சோம்பல்பட்டு ஊகித்துவிடுகிறார்கள். ஊகிக்காதீர்கள், ஏனென்றால் மிகச் சாதாரணமான சொற்கள் பலவற்றில் 'இல்லை' வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கிறது. அவற்றைத் தெரிந்துகொண்டால் ஒரு சொல் நான்கு சொற்களுக்குக் கதவு திறக்கும்.

இன்ஃபன்ட் என்றால் கைக்குழந்தை. வேர் 'பேசுவது' என்ற பொருள் கொண்டது. இன்னும் பேச்சு வராதவரே இன்ஃபன்ட்.

இம்மீடியட் என்றால் உடனடியான. மீடியஸ் என்றால் நடு. இடையில் வேறு எதுவும் இல்லாதது. இம்மீடியட் ஃபேமிலி என்று படிவத்தில் கேட்டால் 'உடனடிக் குடும்பம்' என்று விழிக்க வேண்டாம். உங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் இன்னொருவர் இல்லாத உறவு, அதாவது பெற்றோர், துணைவர், பிள்ளைகள் போன்ற மிக நெருங்கிய உறவினர். உடன்பிறந்தவர்களையும் சேர்ப்பதா என்பது படிவத்துக்குப் படிவம் மாறும், கீழே தந்திருக்கும் விளக்கத்தைப் படித்துவிட்டு நிரப்புங்கள்.

இம்மென்ஸ் என்றால் மிகப்பெரிய. அளக்கப்படாதது, அளவிட முடியாதது. இன்டிவிஜுவல் என்றால் தனிநபர். டிவைட் செய்ய முடியாதது, மேலும் பிரிக்க முடியாத அலகு. இன்சோம்னியா, தூக்கமின்மை; சோம்னஸ் என்றால் தூக்கம்.

இம்யூன் என்ற சொல்லை மருத்துவச் சொல்லாக மட்டுமே பலர் அறிந்திருக்கிறார்கள். ரோமர்களிடம் அது வரியிலிருந்தும் பொதுக் கடமைகளிலிருந்தும் விலக்குப் பெற்றவரைக் குறித்தது. அந்தப் பழைய பொருள் இன்னும் சாகவில்லை. வெளிநாட்டுத் தூதர்களுக்கு உள்ள டிப்ளமேடிக் இம்யூனிட்டி என்பது சட்ட நடவடிக்கையிலிருந்து விலக்கு. நோய்க்கு இம்யூனிட்டி என்பது தொற்றிலிருந்து விலக்கு. ஒரே பொருள்தான் இரண்டு இடத்தில் வேலை செய்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்டிஜர். கணக்குப் புத்தகத்தில் முழு எண் என்று படித்தோம். வேரின் பொருள் 'தொடுவது'. யாரும் தொடாதது, அதனால் உடையாமல் முழுதாக இருப்பது. ஃபிராக்ஷன், அதாவது பின்னம், உடைப்பது என்ற வேரிலிருந்து வந்தது. தொடப்படாத எண்ணும் உடைந்த எண்ணும்! இன்டக்ரிட்டி என்ற சொல்லும் இன்டிஜரின் குடும்பம்தான். மனிதரிடம் அது நேர்மை, கணினித் துறையின் டேட்டா இன்டக்ரிட்டியில் அது தரவு சிதையாமல் முழுமையாக இருப்பது. 'முழுமை' என்ற ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டால் இரண்டும் புரிந்துவிடும்.

இன்செக்ட் மட்டும் இந்த வரிசையில் சேராது. அது இன் 2. உள்ளே வெட்டப்பட்டது என்று பொருள். எறும்பின் உடலைக் கவனித்தால் தலை, மார்பு, வயிறு என்று மூன்று துண்டுகளாகத் தெரிவது நினைவுக்கு வரும்.

5. பொறிகள்: இங்கே மெதுவாகப் போங்கள்

இன்ஃப்ளேமபிள். ஆபத்து மிக அதிகமான சொல் இதுதான், அதனால் முதலில் சொல்கிறேன். ஃப்ளேமபிள் என்றாலும் எளிதில் தீப்பற்றுவது, இன்ஃப்ளேமபிள் என்றாலும் எளிதில் தீப்பற்றுவது. இன்ஃப்ளேம் என்ற வினையிலிருந்து, அதாவது 'தீ மூட்டு' என்ற பொருளுள்ள இன் 2 வினையிலிருந்து வந்தது அது. பெயரடை என்பதால் மூன்றாம் படியின் விதி இங்கே உங்களை ஏமாற்றும். 'தீப்பிடிக்காதது' என்று நினைத்து அடுப்பருகே வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐக்கிய நாடுகள் அவை 2003-இல் வெளியிட்ட வேதிப்பொருள் எச்சரிக்கை முறையில் ஃப்ளேமபிள் என்ற சொல்லே இருக்கிறது. பழைய டப்பாக்களிலும் பலகைகளிலும் இன்ஃப்ளேமபிள் இன்னும் கண்ணில் படும். தீப்பற்றாதது என்றால் நான்-ஃப்ளேமபிள் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

இன்ஹேபிடபிள் என்பதும் அதே வகை. இன்ஹேபிட் என்றால் உள்ளே வாழ்வது. எனவே இன்ஹேபிடபிள் என்றால் வாழத் தகுந்தது. வாழத் தகாதது அன்இன்ஹேபிடபிள்.

இன்வேல்யுவபிள் இன் 1-தான், ஆனால் 'மதிப்பற்ற' அல்ல. இங்கே மறுப்பது மதிப்பை அல்ல, மதிப்பிடுவதை. விலை சொல்லி முடியாத அளவுக்கு மதிப்புள்ளது. நன்றிக் கடிதத்தில் இன்வேல்யுவபிள் ஹெல்ப் என்று எழுதினால் விலைமதிப்பற்ற உதவி. தமிழிலும் 'விலைமதிப்பற்ற' என்று அதே முறையில்தான் சொல்கிறோம் என்பதை நினைத்துக்கொண்டால் இனிமேல் மறக்காது.

இன்ஃபமஸ் என்றால் புகழ் இல்லாதவர் அல்ல, கெட்ட பெயர் எடுத்தவர். ஒருவரைப் பற்றி நல்லவிதமாக எழுதும்போது இந்தச் சொல்லைத் தொடாதீர்கள். இன்டிஃபரன்ட் என்றால் வேறுபாடு இல்லாதது அல்ல, அக்கறையற்ற, பட்டும் படாமல் இருக்கும் மனநிலை. எது நடந்தாலும் வேறுபாடு இல்லை என்ற நிலையிலிருந்து அந்தப் பொருள் வந்தது. இம்பர்ட்டினன்ட் என்பதும் தொடர்பில்லாதது என்ற பழைய பொருளிலிருந்து நழுவி, இன்று துடுக்கான, மரியாதையற்ற என்ற பொருளில்தான் பெரும்பாலும் வருகிறது.

இம்பாஷன்ட், இம்பாசிவ் என்ற ஜோடியைப் பாருங்கள். முதலாவது உணர்ச்சி பொங்கும், இரண்டாவது உணர்ச்சியே காட்டாத. முதலாவது இன் 2, அதாவது உணர்ச்சி உள்ளே ஏறியது. இரண்டாவது இன் 1. இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முன்னொட்டே இல்லாமல் அதுபோலத் தோற்றம் தரும் சொற்களும் உண்டு. இமேஜ், இமிடேட், இன்ச், அயர்ன் இவற்றை வெட்டாதீர்கள், ஒன்றும் கிடைக்காது. இன்டர்நேஷனல், இன்டர்வியூ போன்றவற்றில் இருப்பது 'இன்டர்', இடையே என்று பொருள். இன்ட்ராவீனஸ், இன்ட்ராமஸ்குலர் ஆகியவற்றில் 'இன்ட்ரா', உள்ளுக்குள்ளே என்று பொருள். அவை தனி முன்னொட்டுகள்.

6. உங்கள் காகிதங்களில் தேடுங்கள்

இப்போது மேசையில் உள்ள காகிதங்களை எடுத்துக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு 'இன்' சொல்லின் மேலும் 1 அல்லது 2 போடுங்கள்.

விண்ணப்பங்களில் இனெலிஜிபிள், இல்லெஜிபிள் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. இனெலிஜிபிள் என்று பதில் வந்தால் உங்களுக்குத் தகுதி இல்லை. இல்லெஜிபிள் என்று வந்தால் நீங்கள் அனுப்பிய நகலைப் படிக்க முடியவில்லை, தெளிவான நகல் எடுத்து மறுபடி அனுப்பினால் போதும். இரண்டும் லெகரே என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை. அதற்குத் தேர்ந்தெடுப்பது, வாசிப்பது என்று இரண்டு பொருள். விண்ணப்பத்தின் விதியே இந்தச் சொல்லில் இருப்பதால் நிதானமாக எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

பணமும் நாளும் வரும் இடத்தில் இன்க்லூசிவ் என்ற சொல்லைத் தேடுங்கள். வரி இன்க்லூசிவ் என்றால் சொன்ன தொகைக்குள் வரி அடக்கம். 5 முதல் 10 வரை இன்க்லூசிவ் என்றால் 5-ஆம் தேதியும் 10-ஆம் தேதியும் சேர்த்து 6 நாட்கள். கடைசி நாள் கணக்கில் உண்டா இல்லையா என்ற சந்தேகத்தை இந்த ஒரு சொல் தீர்த்துவிடும். இன்கர் என்றால் ஓடிப்போய் உள்ளே விழுவது, அதாவது செலவோ இழப்போ நம் தலையில் வந்து விழுவது. இன் 2.

ஒப்பந்தங்களில் இன் 1 அதிகம். இர்ரெவொகபிள் என்றால் ஒருமுறை கையெழுத்துப் போட்டால் திரும்பப் பெற முடியாதது. இதைப் பார்த்தால் கையெழுத்துப் போடும் முன் ஒருவரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள். இம்மூவபிள் பிராப்பர்ட்டி, அசையாச் சொத்து. இன்சால்வன்ட், கடனைத் தீர்க்க முடியாத நிலை. இன்டெஸ்டேட், உயில் எழுதாமல் இறந்தவர். இன்டெம்னிட்டி என்ற சொல்லில் உள்ளே இருப்பது டாம்னம், இழப்பு. உனக்கு இழப்பு வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற உறுதி. யார் யாருக்கு அந்த உறுதியைத் தருகிறார்கள் என்று வாக்கியத்தை இரண்டு முறை படியுங்கள், ஏனென்றால் நீங்கள்தான் தருகிறீர்கள் என்றால் பணம் கட்ட வேண்டியவரும் நீங்கள்தான்.

மருத்துவத் தாள்களில் இன்ஃப்ளமேஷன் அடிக்கடி வரும். தீ மூட்டுவது என்ற அதே வேர். தமிழில் அழற்சி என்கிறோம், அழல் என்றாலும் தீதான். இன்சிஷன் கத்தியால் உள்ளே கீறுவது, இம்ப்ளான்ட் உள்ளே நடுவது, இன்ஃப்யூஷன் உள்ளே ஊற்றுவது. மூன்றும் இன் 2. இன்க்யூரபிள், இனாபரபிள் இரண்டும் இன் 1. இனாபரபிள் என்பதை நோய் தீராது என்று படித்துப் பதறிவிடாதீர்கள். அறுவை சிகிச்சை செய்ய இயலாது என்பது மட்டுமே அதன் பொருள், வேறு சிகிச்சைகள் இருக்கலாம்.

7. 'அன்'னா, 'இன்'னா?

எழுதும்போது வரும் சிக்கல் இது. 'அன்' என்பது ஆங்கிலத்தின் சொந்த எதிர்மறை முன்னொட்டு, எந்தச் சொல்லோடும் தாராளமாக ஒட்டும். லத்தீன் 'இன்'னுக்கு லத்தீன் சொல்தான் பிடிக்கும். முழுமையான விதி கிடையாது, ஆனால் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய ஒரு வடிவம் உண்டு: சில சொற்களில் பெயரடைக்கு 'அன்', பெயர்ச்சொல்லுக்கு 'இன்'. அன்ஏபிள், ஆனால் இனெபிலிட்டி. அன்ஸ்டேபிள், ஆனால் இன்ஸ்டெபிலிட்டி. அன்ஈக்வல், ஆனால் இனிக்வாலிட்டி. அன்ஜஸ்ட், ஆனால் இன்ஜஸ்டிஸ். இந்த நான்கையும் அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள். மற்றவற்றில் சந்தேகம் வந்தால் முன்னொட்டுக்குப் பதிலாக 'நாட்' (அல்ல) என்ற தனிச் சொல்லைப் போட்டு எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம், தவறாகாது.

8. வாய்விட்டுச் சொல்லுங்கள்

சில சொற்களில் 'இன்' சேர்ந்ததும் அழுத்தம் முன்னால் ஓடிவந்துவிடும், பின்னால் உள்ள உயிரொலி சுருங்கிவிடும். ஃபேமஸ், ஆனால் இன்ஃபேமஸ் அல்ல, இன்ஃபமஸ். ஃபைனைட், ஆனால் இன்ஃபைனைட் அல்ல, இன்ஃபினிட். இம்போட்டன்ட் என்றால் வலுவற்ற, முதல் அசையில் அழுத்தம். முக்கியமான என்று பொருள்படும் இம்போர்ட்டன்ட்டோடு கலந்துவிடாதீர்கள். இன்வேலிட் என்று நடுவில் அழுத்திச் சொன்னால் செல்லாதது, இன்வலிட் என்று தொடக்கத்தில் அழுத்திச் சொன்னால் நோயால் முடங்கியவர். எழுத்தில் இரண்டும் ஒன்றே. இணைய அகராதிகளில் ஒலிபெருக்கிப் படம் இருக்கும், அதைத் தட்டிக் கேளுங்கள். இதற்கும் காசு இல்லை.

9. குறிப்பேட்டை இப்படிப் பிரியுங்கள்

பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் சொல், நடுவில் எண்ணும் வேரும், மூன்றாவதில் அந்தச் சொல் வந்த வாக்கியம். தமிழ்ப் பொருளை மட்டும் எழுதி வைப்பது பயனில்லை, வாக்கியம் கட்டாயம் வேண்டும். ஒரு நாளைக்கு 5 சொற்களுக்கு மேல் சேர்க்காதீர்கள். மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் நடுப் பத்தியைக் கையால் மூடிக்கொண்டு எண்ணைச் சொல்லிப் பாருங்கள். தவறிய சொற்களுக்கு மட்டும் ஒரு புள்ளி வைத்து அவற்றையே திரும்பப் படியுங்கள்.

இரண்டு வாரம் முடிந்ததும் அடுத்த முன்னொட்டாகக் 'கான்' என்பதை எடுங்கள். சேர்ந்து, ஒன்றாக என்று பொருள். காம், கால், கார், கோ என்று இதுவும் அடுத்த எழுத்துக்கு ஏற்ப மாறும், ஆனால் 'இன்' போல இரட்டைப் பிறப்பு கிடையாது என்பதால் பாதி நேரத்தில் முடிந்துவிடும். 'ஆட்' என்ற முன்னொட்டை மட்டும் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். அது அக்செப்ட், அஃபெக்ட், அல்லோகேட், அப்ரூவ், அட்ராக்ட் என்று சொல்லுக்குச் சொல் வேடம் மாற்றுவது, இந்த இரண்டிலும் கை பழகிய பிறகுதான் பிடிபடும்.